ஈம் கிராமத்துக்குப் போய் வந்தோம்

அன்புள்ள கண்ணா,

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு நானும் அப்பாவும் ஈம் போய் வந்தோம். ஷெஃபீல்டில் இத்தனை வருஷம் இருந்தும் பக்கத்து டெர்பிஷயர் மலையில் இருக்கும் அந்த ஊரை இப்போதுதான் பார்க்கிறோம். வந்ததிலிருந்து உன் நினைப்புதான்.

1665 செப்டம்பரில் அங்கே ஒரு தையல்காரர் வீட்டுக்கு லண்டனிலிருந்து துணிப்பொதி வந்தது. ஈரமாக இருந்த துணியைக் கணப்பருகே உலர்த்தியிருக்கிறார்கள். அதிலிருந்த தெள்ளுப்பூச்சியோடு பிளேக்கும் வந்துவிட்டது. துணியைப் பிரித்த ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாளில் இறந்தார். அடுத்த ஜூனில் நோய் மறுபடி மூண்டபோது ஊர் ஒரு முடிவெடுத்தது: யாரும் எல்லை தாண்டுவதில்லை, நோய் அடுத்த ஊருக்குப் போகக்கூடாது.

ஊரை இணங்க வைத்தவர்கள் இரண்டு பாதிரியார்கள். பழையவர் தாமஸ் ஸ்டான்லி, அரசு வகுத்த வழிபாட்டு முறையை ஏற்காததால் பதவி இழந்தவர். புதியவர் வில்லியம் மாம்பெசன். கொள்கையில் எதிரெதிர் ஆட்கள், ஆனாலும் சேர்ந்து நின்றார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் விலகி விலகி நின்று ஜெபித்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லையில் உணவை வைத்துவிட்டுப் போக, இவர்கள் காசோடு நோய் போகக்கூடாதென்று கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டு வைத்தார்கள். அந்தக் கல்லை நான் தொட்டுப் பார்த்தேன்.

மாம்பெசன் பிள்ளைகளை முன்பே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரின் போக மறுத்து, ஆகஸ்டில் இறந்தார். 14 மாதத்தில் ஊரில் சுமார் 260 பேர் இறந்தார்கள். இன்றைக்கும் வீட்டு வாசல்களில் அங்கே யார் யார் இறந்தார்கள் என்று பலகை இருக்கிறது, அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ரைலி கல்லறைகள் என்று வயல் நடுவே ஒரு சின்ன வளைவுச் சுவர். எலிசபெத் ஹான்காக் என்ற அம்மா எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அங்கே புதைத்தாள். அவரவர் வீட்டுச் சாவை அவரவரே அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மிஞ்சிய ஒரு மகன் ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனிடம்தான் போனாள். அவன் ஊருக்கு ஓடி வந்திருந்தால் அவளுக்குப் போக ஓர் இடம் இருந்திருக்காது.

அங்கே நின்றபோதுதான் உனக்கு எழுதத் தோன்றியது. 2020-இல் பாட்டி போனபோது டொராண்டோவிலிருந்து உன்னால் வர முடியவில்லை. சில பேர்தான் நின்றோம். நீ அதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டு, போனில் பாட்டி பேச்சு எடுத்தாலே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். உன்மேல் எனக்கோ அப்பாவுக்கோ ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை, கண்ணா. அன்றைக்கு நீ வராமல் இருந்ததுதான் எனக்கு நிம்மதி.

ஊரில் களிமண் பூசிய பலகையில் பூவிதழ், பாசி, விதை எல்லாம் பதித்துப் படம் செய்து கிணற்றடியில் வைத்திருந்தார்கள். கிணற்றை அலங்கரிப்பது இந்தப் பக்கத்து வழக்கமாம். பாட்டி பார்த்திருந்தால் நம் பூக்கோலம்தான் என்று சொல்லியிருப்பாள். அடுத்த ஆகஸ்டில் லீவு போட்டுவிட்டு வா, மூன்று பேருமாகப் போகலாம்.

அம்மா