நாலு எழுவாய், ஒரே முற்று

அன்பு நண்பா,

நலம்தானே? காலாண்டு விடைத்தாள்கள் மேசையை அடைத்துக்கொண்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழை பிடித்ததும் கூடிவிட்டது.

மெய்ப்புப் பார்க்கும்போது ஒற்றுப்பிழைதான் உயிரை வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கவலை குறைந்துவிட்டது. 'கதவைத் திற' என்பதில் ஒற்று விட்டுப்போனாலும் கதவு திறந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் என்னைத் திணறடிப்பது வாக்கியம்தான். சுற்றுலா பற்றி ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நாங்கள் பஸ்ஸில் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்து மழை பெய்து ரோடெல்லாம் தண்ணீர் நின்று டிரைவர் மெதுவாக ஓட்டி குற்றாலம் வந்து சேர்ந்தோம்."

விட்டுப்போன ஒற்றுகளைச் சுழித்து அரை மதிப்பெண் குறைத்துவிட்டுப் போய்விடலாம். நான் எழுவாய்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன். நாங்கள், மழை, தண்ணீர், டிரைவர். எழுவாய் நாலு, வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்று ஒன்றே ஒன்று. அந்தச் 'சேர்ந்தோம்' நாங்கள் என்பதற்கு மட்டும்தான் சொந்தம்.

நன்னூல் வினையியல் நினைவிருக்கும் உனக்கு. ஏறி, பெய்து என்று முடியாமல் நிற்கும் 'செய்து' வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின், அதாவது அதைச் செய்தவரின், வினையைக் கொண்டே முடியவேண்டும். ஏறி, உட்கார்ந்து, சேர்ந்தோம் எல்லாம் ஒரே ஆட்கள் செய்தது, சிக்கல் இல்லை. பெய்தது மழை, சேர்ந்தது நாங்கள் என்று வரும்போதுதான் அறுந்துபோகிறது. 'செய' வாய்பாட்டுக்கு இந்தக் கட்டு கிடையாது. மழை பெய்ய, ரோடெல்லாம் தண்ணீர் நிற்க, டிரைவர் மெதுவாக ஓட்ட என்று மாற்றிவிட்டால் அவன் சொற்களே ஒழுங்காக உட்கார்ந்துவிடும்.

ஆனாலும் பிழை என்று அடிக்கக் கை வரவில்லை. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்பதை நம் உரைகாரர்களே ஏற்றிருக்கிறார்களே! பட்டது, அதாவது மறைந்தது, ஞாயிறு; வந்தது அவன். 'பட' என்ற பொருளில் 'பட்டு' வந்தது, எச்சத் திரிபு என்று வழிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் 'மழை பெய்து தண்ணீர் நின்று' என்பதும் தேறிவிடும். பேச்சில் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். திரிபு ஒன்று வந்தால் விட்டுவிடலாம், அடுக்கிக்கொண்டு வந்தால் பிரித்தெழுதச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. உன் கட்சி என்ன?

விடவே முடியாதது வேறு ரகம். ஒரு மாணவி எழுதியது: "அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளைத் தம்பி ஓட்டி உடைந்துவிட்டது." சைக்கிளை என்பது 'ஓட்டி'யோடு போய்விட்டது. மிச்சம் இருக்கும் எழுவாய் தம்பி, அவனோ 'உடைந்துவிட்டது' என்பதோடு சேரமாட்டான். பிறவினையில் 'உடைத்துவிட்டான்' என்றால் முடிந்தது. தம்பியை மாட்டிவிட மனமில்லையோ என்னவோ! "உடைத்தது யார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தானே திருத்திவிட்டாள்.

'ஒவ்வொரு ஊர்களிலும்', 'மரங்கள் விழுந்தது' எல்லாம் வழக்கம்போல உண்டு. பேச்சில் 'விழுந்தன' காதில் விழாத பிள்ளைகளுக்கு அது எழுதி எழுதித்தான் பழகவேண்டும்.

இப்போது கட்டுரையைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு எச்சத்திலும் நிறுத்தி 'யார்? எது?' என்று பக்கத்துப் பிள்ளையைக் கேட்கச் சொல்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஆனால் சிவப்பு மையைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒரு தொல்லை: சிலர் பயந்துபோய், மழை பெய்தது, தண்ணீர் நின்றது என்று தந்தி அடிப்பதுபோல எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அந்தப் பையனின் வாக்கியமே மேல், அதில் பஸ்ஸாவது ஓடியது. அதனால் அடுத்த வாரம் வெட்டியதைச் சேர்க்கும் பயிற்சி.

அதற்கு உன் உதவி வேண்டும். உன் மேசைக்கு வரும் கையெழுத்துப்படிகளில் இப்படி வழிதவறிய வாக்கியங்கள் கிடைத்தால் நாலைந்து எழுதி அனுப்பு. எழுதியவர் பெயர் வேண்டாம். பெரியவர்கள் எழுதியதைத் திருத்துவதென்றால் பிள்ளைகளுக்குத் தனிக் குஷி.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்