திறந்து வைத்த பிறகு யார் பார்ப்பது? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், இந்த மாவட்டத்தின் வளர்ச்சியைக் கண்காணிக்கும் நிதி ஆயோக் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். 2018 ஜனவரியில், பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டு மாவட்டங்களில் எங்களுடையது ஒன்று, இன்னொன்று விருதுநகர். உடல்நலம், கல்வி, விவசாயமும் நீர்வளமும், நிதிச் சேவையும் திறன் பயிற்சியும், அடிப்படை வசதி என்று தலைப்பு பிரித்து எங்களுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். மாவட்டம் பட்டியலில் மேலே ஏறினால் எங்களுக்கும் சந்தோஷம்தான். நான் கேட்க வருவது வேறு. போன வருஷம் திறந்து வைத்தது இந்த வருஷம் ஓடுகிறதா என்று யார் வந்து பார்க்கிறார்கள்?

எங்கள் ஊரில் ஒரு சுத்திகரிப்புக் குடிநீர் நிலையம் இருக்கிறது. நீலத் தகரக் கூரை, முன்பக்கம் காசு போடும் பெட்டி, குடம் வைக்க ஒரு சிமென்ட் மேடை. திறந்த அன்று பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். தண்ணீரும் நன்றாகத்தான் இருந்தது. இங்கே நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்பது உங்களுக்கே தெரியும். அந்த உப்பு படிந்து, தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் சவ்வு அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்கு வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள் ஒரு பக்கம். பழைய பாக்கி வரவில்லை, அதனால் வர மாட்டோம் என்றார்கள் இன்னொரு பக்கம். இப்போது கதவில் தொங்கும் பூட்டு துருவேறி ஒரே கட்டியாகிவிட்டது. காசுப் பெட்டியின் துளைக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. மாவட்டக் கணக்கில் அது இன்னும் ஒரு குடிநீர் நிலையமாகத்தான் இருக்கும்.

அந்த நிலையத்தைத் தாண்டித்தான் பெண்கள் தினமும் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டு போகிறார்கள். இரும்புச் சட்டத்தில் வரிசையாக வளையம் வைத்து, குடங்கள் ஆடாமல் உட்காரும்படி செய்த வண்டி. ராமநாதபுரம் சீமையில் இந்த வண்டி இல்லாத கடற்கரைத் தெரு குறைவு. இதை எந்த ஆய்வுக்கூடமும் செய்து தரவில்லை. இடுப்பில் சுமந்து சுமந்து வலி கண்ட பெண்களுக்காக உள்ளூர் வெல்டிங் பட்டறைகள் செய்த வண்டி இது. சக்கரம் உடைந்தால் அதே பட்டறையில் மத்தியானத்துக்குள் சரி செய்து விடுவார்கள். புதுமை என்று நீங்கள் கூட்டங்களில் பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வண்டிதான். தேவைப்பட்டவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் பிறந்தது, பழுதானாலும் அங்கேயே பிழைத்துக்கொள்கிறது.

திருச்சி பக்கம் காவிரியிலிருந்து இத்தனை தூரம் குழாய் போட்டு எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. வீட்டு வாசலில் குழாய் நிற்பது ஒரு கணக்கு, அதில் எந்தக் கிழமை எத்தனை குடம் வருகிறது என்பது இன்னொரு கணக்கு. குழாய்க் கடைசியில் இருக்கும் கடற்கரைத் தெருக்களில் அந்த இரண்டாவது கணக்கை எடுங்கள். குழாயில் வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும்வரை குந்தியிருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பும் பெண்களை நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது பாம்பன் பாலம். இந்த விஷயத்தில் எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் போனது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல். உலகத்தில் இரும்பை மிக வேகமாகத் தின்னும் காற்று வீசும் இடங்களில் பாம்பனும் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்வார்கள். அந்தக் காற்றில் அது எப்படி நின்றது? பெயின்ட் அடிக்க, ஆணி மாற்ற, தகட்டைத் தட்டிப் பார்க்க அங்கே எப்போதும் ஆள் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் இருந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதியைக் கையால் சுற்றித் திறந்தவர்களும் அவர்கள்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாலத்தின் கண்களும் கடலோடு போனபோது, அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை மறுபடி நிறுத்தினார்கள். கடலில் விழுந்த இரும்புகளைத் தேடி எடுத்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

இப்போது 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்தாயிற்று. 550 கோடிக்கு மேல் செலவு. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. அது மேலே போவதைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அரிப்புத் தடுப்பு உட்படச் சில குறைகளைச் சுட்டிக்காட்டியது. நல்ல பெயின்ட் அடித்திருக்கிறோம், பல வருஷம் தாங்கும் என்கிறது ரயில்வே. தாங்கட்டும். பெயின்ட்டை நம்பி ஆளைக் குறைத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ரயில்வே அளவுக்குப் பணமும் ஆளும் இருக்கும் இடத்திலேயே இந்தக் கவலை என்றால், ஊராட்சியின் தலையில் கட்டிவிட்டுப் போகும் சோலார் தெருவிளக்கின் கதி என்ன? மீன் இறங்குதளத்தில் போட்ட ஐஸ் அறை என்ன ஆகும்? உப்புக் காற்றுக்கு அரசாணை தெரியாது. உள்நாட்டில் பத்து வருஷம் நிற்கும் மின்பெட்டி எங்கள் கரையில் இரண்டு மூன்று வருஷத்தில் ஓட்டை விழுந்துவிடும். இருந்தும் தேனிக்கும் எங்களுக்கும் ஒரே செலவு மதிப்பீட்டுப் படிவம், ஒரே பராமரிப்புத் தொகை. இதை மாற்றுவதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கடற்கரை ஊராட்சிகளுக்குத் தனி விலைப்பட்டியல் போட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

கேட்காமல் போட்ட திட்டம் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவலை வேண்டாம், ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017இல் ஒரு திட்டம் வந்தது. மூன்று வருஷத்தில் 2,000 படகுகள் இலக்கு. ஒரு படகு 80 லட்சம். அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. நோக்கம் நல்ல நோக்கம். இழுவலை கடலடியைச் சுரண்டுகிறது, இலங்கைத் தமிழ் மீனவர்களின் வயிற்றிலும் அடிக்கிறது, அது நிற்கத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இலக்கில் சிறு பங்குகூட எட்டவில்லை. சாயங்காலம் போய்க் காலையில் திரும்பும் தொழில்காரரை வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை மீன் பிடிக்கச் சொன்னோம். அவருக்கு அந்தத் தூண்டில் தொழில் தெரியாது. எட்டு லட்சம் பங்கும் பதினாறு லட்சம் கடனும் போட்டு, மீன் கிடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டும். இதெல்லாம் ராமேசுவரம் துறைமுகத்தில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதே பயம்தான் எனக்கு வளமாவூர் கடற்பாசிப் பூங்கா விஷயத்திலும். 127.71 கோடித் திட்டம், 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். விதைப் பாசி வங்கியும் திசு வளர்ப்புக் கூடமும் வரப்போகின்றன. வரவேற்கிறேன். மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பாசி ஆராய்ச்சி நிலையமும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. அந்த அறிவு கரைக்கு வர இது நல்ல வழி. ஆனால் யார் வாயிலிருந்து தேவையைக் கேட்டீர்கள்? பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் பாசியைத் துண்டு துண்டாக முடிந்து, 45 நாள் காத்திருந்து அறுப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள். தீவோரத்தில் மூழ்கிப் பாசி எடுக்கும் அக்காமார் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். கரையேறி அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், தங்களுக்குத் தெரிந்த தொழிலைச் செய்யவே அவர்கள் பயந்து பயந்து போக வேண்டியிருக்கிறது. தண்ணீர் சூடேறினால் மிதவைப் பாசி வெளுத்து அழுகிவிடும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். அப்படி அழுகினால் நஷ்டம் யாருக்கு? விலையை யார் வைப்பது? பூங்காவின் நிர்வாகக் குழுவில் இந்தப் பெண்களுக்கு நாற்காலி போட்டால் இந்தக் கேள்விகளுக்கு முதல் கூட்டத்திலேயே பதில் தேட வேண்டிவரும்.

எங்கள் மக்களுக்குப் புதுசு என்றால் பயம், படிப்பு இல்லை, அதனால்தான் திட்டம் ஏறவில்லை என்று சில அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாத மீன்காரம்மாவின் கூடையிலும் இன்று க்யூஆர் அட்டை இருக்கிறது. காசு வந்ததைப் பெட்டி சத்தமாகச் சொல்கிறது, அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு மீன் அரிகிறார். தினமும் வேலை செய்கிறது, அதனால் நம்புகிறார். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியும் அப்படித்தான். காற்று, அலை, எச்சரிக்கை எல்லாம் எங்கள் பேச்சிலேயே வருகிறது. ஹைதராபாத்தில் கடல் தகவல் மையம் கணிப்பதை எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது அந்த வானொலி. ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடியில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர், அதாவது நடுக்கடலிலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் கருவி, பொருத்தும் திட்டமும் நல்லதே. 2017 ஒக்கி புயலை நினைத்தால் அது எவ்வளவு அவசியம் என்று எவருக்கும் புரியும். அந்தக் கருவி கெட்டால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் கருவியோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

2022இல் மருத்துவக் கல்லூரி வந்தது. மதுரைக்கு ஓடும் ஓட்டம் குறைந்திருக்கிறது, நன்றி.

அப்துல் கலாம் ஐயா கிராமத்துக்கு நகர வசதி என்ற புரா திட்டத்தைப் பற்றிப் பேசியபோது சாலை இணைப்பு, மின்னணு இணைப்பு, அறிவு இணைப்பு மூன்றும் சேர்ந்தால்தான் பொருளாதார இணைப்பு வரும் என்றார். பேக்கரும்பில் அவருக்கு நினைவகம் கட்டியிருக்கிறோம். சாலையும் செல்பேசிக் கோபுரமும் ஓரளவு வந்துவிட்டன. அறிவு இணைப்புதான் பாக்கி. ஐடிஐ முடித்துவிட்டுத் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வண்டி ஏறும் பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறைய. அவர்களில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் இரண்டு பேரை, ஆணும் பெண்ணுமாக, சுத்திகரிப்பு நிலையம், சோலார், மின்மோட்டார், கடல் கருவிகள் ஆகியவற்றைப் பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்தில் வையுங்கள். உதிரிப் பாகத்துக்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு கிடங்கு வையுங்கள். புதிய திட்டத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும்போதே அடுத்த பத்து வருஷப் பராமரிப்புப் பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று எழுதுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், எங்களுக்கு அந்தத் திட்டம் வராமல் போனாலும் பரவாயில்லை.

அப்புறம், ஒவ்வொரு கிராம சபையிலும் அந்த ஊரில் அரசு அமைத்த ஒவ்வொன்றும் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா, நின்றிருந்தால் எந்தத் தேதியிலிருந்து, யார் பொறுப்பு என்று உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வைத்தே மாவட்டத்துக்கு மதிப்பெண் போடுங்கள். தரவரிசையில் நாங்கள் கீழே இறங்கினாலும் சரி, உண்மை நிலவரம் உங்கள் மேசைக்கு வரும்.

இதன் நகலை மீன்வளத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் அனுப்புகிறேன். பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டாம். அடுத்த கிராம சபையில், பெண்களும் வந்து உட்காரும் நேரமாகப் பார்த்து, உங்கள் அலுவலர் ஒருவர் வந்து வாசித்தால் போதும்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை ஊர்க் குடிமகன் ஒருவன்