ஸ்பேனரைப் பிடித்து நிறுத்திய அண்ணனுக்கு நன்றி

ஞாயிறு இரவு. ஈரோட்டில் எங்கள் சாயப்பட்டறையில் ஸ்டீம் லைனைத் திறந்து மூடும் குளோப் வால்வைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். வால்வின் மேல்மூடியான பானட் உட்காரவே இல்லை. ஸ்பேனரில் பைப் சொருகி இழுக்கப் போனபோது, பக்கத்துப் பட்டறைக்கு வேலையாக வந்திருந்த நீங்கள் "தம்பி, நிறுத்துங்க" என்று ஓடி வந்தீர்கள்.

முதலில் வீலைத் திருப்பி, அதோடு சேர்ந்த தண்டான ஸ்டெம்மை மேலே ஏற்றச் சொன்னீர்கள். ஸ்டெம்மின் அடியில் வழியை அடைக்கும் டிஸ்க், அது உட்காரும் சீட்டில் முட்டி, பானட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அப்படியே முறுக்கியிருந்தால் ஸ்டெம் வளைந்திருக்கும். பானட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை மாற்றி, 8 போல்ட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். அப்புறம் கிளாண்ட் பேக்கிங், அதாவது ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையங்கள். வளையங்களின் வெட்டு வாய் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 90 டிகிரி தள்ளித் தள்ளி வைத்தீர்கள். அந்தப் பொறுமை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காலையில் ஸ்டீம் விட்டோம். நீங்கள் சொன்னபடி, சூடேறியதும் அந்த வளையங்களை அழுத்தும் கிளாண்ட் நட்டுகளை இரண்டு பக்கமும் சமமாக இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள், உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மனமார்ந்த நன்றி அண்ணே. இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் பட்டறைக்கு வாங்க.