ஓட்டிக் காட்டினீர்கள், நிறுத்தியும் காட்டுங்கள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் புரொப்பேனில் (எல்.பி.ஜி.யில் இருக்கும் கேஸ்) ஓட வைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கையைப் பிடித்துத் தடுக்க வந்த ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். நானும் ஒரு பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சினை கேஸுக்கு மாற்றி, முதல் உதையிலேயே அது பிடித்துக்கொண்டபோது பட்டறையில் தனியாக நின்று கூச்சல் போட்டவன்தான். அந்தக் கூச்சலுக்குப் பத்து நிமிடம் கழித்து நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

எரிபொருளாகப் பார்த்தால் புரொப்பேனைக் குறை சொல்ல அதிகமில்லை. ஆக்டேன், அதாவது நேரம் தப்பி வெடிக்காமல் தாங்கும் திறன், 110ஐ ஒட்டி வருகிறது. பெட்ரோலில் நாக்கிங் (அந்த நேரம் தப்பிய வெடிப்பின் சத்தம்) தட்டும் எஞ்சின் இதில் அமைதியாக ஓடும். ஆவியாகவே உள்ளே போவதால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடாது. பிளக் கரி பிடிக்காது. ஆறு மாதம் வண்டியை மூலையில் போட்டு வைத்தாலும் கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் படியாது. இதெல்லாம் நீங்களே அனுபவித்துச் சொல்கிறீர்கள், உண்மைதான்.

கொஞ்சம் சக்தி போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். அதாவது எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 4 சதவீத இடத்தைக் கேஸே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் துளிகள் உள்ளே ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்குமே, அந்த உபகாரமும் இதில் கிடையாது. தூரமும் குறையும். 10 லிட்டர் பெட்ரோலில் 300 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு, அதே 10 லிட்டர் கொள்ளளவுள்ள கேஸ் சிலிண்டரை விதிப்படி 80 சதவீதம் நிரப்பினால், 175 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். சிலிண்டரின் இரும்பு எடை தனி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். சமையல் அடுப்புக்குப் போடும் ரெகுலேட்டர், ஒரு ஹோஸ், நடுவில் ஒரு ஊசி வால்வு, ஹோஸின் முனை கார்புரேட்டர் வாயில். வால்வை மெல்லத் திருகி, எஞ்சின் சத்தம் சீராகும் இடத்தில் விட்டுவிட வேண்டியது. எஞ்சின் ஓடும். நன்றாகவே ஓடும். சிக்கல், அது நின்ற பிறகுதான். அடுப்பு ரெகுலேட்டரின் வேலை, எதிரில் அடுப்பு இருக்கிறதா இல்லையா என்று பாராமல், சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸைத் தள்ளிக்கொண்டே இருப்பது. எஞ்சின் இழுக்கிறதா என்று அது கேட்பதே இல்லை.

அன்று ஐடிலிங்கில் (த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலையில்) எஞ்சின் தானாக அணைந்தது. நான் ஸ்பேனர் தேடிப் போனேன். திரும்பி வந்து உதைத்தேன். ஏர் ஃபில்டர் வழியாகத் தீ வெளியே வந்து, ஃபில்டரையும் என் வலது புருவத்தையும் கொண்டுபோனது. பட்டறைக் கதவு திறந்திருந்ததால் அதோடு போயிற்று. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். தாழ்வான அறைக்குள், சாக்கடைக் குழி பக்கத்தில் நான் நின்றிருந்தால் இந்த மடலை வேறு யாராவது எழுதியிருக்க வேண்டும்.

இந்த வேலைக்கென்றே ஜீரோ கவர்னர் என்ற ரெகுலேட்டர் இருக்கிறது. கேஸ் ஜெனரேட்டர்களில் பார்த்திருப்பீர்கள். வென்சுரியில் (காற்றுப் பாதையின் குறுகிய கழுத்தில்) உறிஞ்சல் இருந்தால்தான் அதன் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு வால்வைத் திறக்கும். எஞ்சின் நின்றால் தானே மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வும் அவசியம். சாவியைத் திருப்பினாலே திறக்கும் சோலனாய்டு எனக்குப் போதாது. எஞ்சின் சுற்றும்போது பிளக்குக்குப் போகும் இக்னிஷன் பல்ஸ் வந்துகொண்டிருக்கும்வரைதான் அது திறந்திருக்க வேண்டும். கூடவே ஒரு சாய்வு சுவிட்சும் வையுங்கள். கார் விழாது, ஜெனரேட்டர் விழாது, பைக் விழும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் பைக் பலவற்றில் இதற்கென்றே ஒரு சென்சார் இருக்கிறது.

அப்புறம் சிலிண்டர். நிமிர்த்தி வைக்கச் செய்த சிலிண்டரை இடம் பற்றவில்லை என்று பின் கேரியரில் படுக்க வைத்துக் கட்டுகிறீர்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நிமிர்ந்திருக்கும்போது வாயில் ஆவி இருக்கும். படுத்தால் திரவம் வந்து நிற்கும். அந்தத் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 270 மடங்கு விரியும். பாதுகாப்பு வால்வும் ஆவிப் பக்கம் இருக்க வேண்டியது. படுத்த சிலிண்டரில் அது திறந்தால் திரவத்தைப் பீய்ச்சும். ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் படுத்தபடிதானே இருக்கிறது என்று கேட்கலாம். அந்தச் சிலிண்டரே வேறு. உள்குழாய் முதல் பாதுகாப்பு வால்வின் இடம்வரை படுக்கை நிலைக்கென்றே செய்தது; தவறாகத் திரும்பாமலிருக்க ஓர் ஊசியும் துளையும்கூட இருக்கும்.

80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள் என்பதும் சும்மா சொன்ன விதி இல்லை. 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போனால் திரவப் புரொப்பேன் ஏறக்குறைய 13 சதவீதம் பெருகும். உள்ளே அதற்கு இடம் வேண்டும். அழுத்தமும் 20 டிகிரியில் 7 பார் போல இருப்பது 50 டிகிரியில் 16 பாருக்கு ஏறும். பெட்ரோல் ஹோஸும் கிளிப்பும் இதைத் தாங்கப் பிறந்தவை இல்லை.

"நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் இழுவை செத்துவிடுகிறது, சிலிண்டர் மேல் பனி பூக்கிறது" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெகுலேட்டரைத் திட்டாதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் ஆவியாக 350 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் தேவை. மணிக்கு ஒரு கிலோ குடிக்கும் வண்டி என்றால், ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை அந்தச் சின்னச் சிலிண்டர் சுற்றியுள்ள காற்றிலிருந்து இழுக்க வேண்டும். முடியாதபோது உள்ளே குளிர்ந்து அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்தால் கலவை லீன் ஆகும் (கேஸ் குறைந்து காற்று மிஞ்சும்), லீன் ஆனால் சூடு ஏறும், பிஸ்டன் ஓட்டையாவதும் இப்படித்தான். கேஸில் புகை நிறத்தை வைத்துக் கலவையைக் கணிக்க முடியாது. எக்ஸாஸ்ட்டில் கலவையின் அளவை எண்ணாகவே காட்டும் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டிப் பாருங்கள். பழைய எஞ்சின் என்றால் டேப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளி) அடிக்கடி அளந்து பாருங்கள். வால்வு வந்து அமரும் சீட் தேயும்போது அந்த இடைவெளி சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வரும்.

எரிபொருளை மாற்ற உங்கள் போக்குவரத்துச் சட்டத்தில் அனுமதி தேவையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை மாற்றிய வண்டியை நாலு பேருக்குக் காட்டும்போது, உறுமலோடு முடித்துவிடாதீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டர் வால்வை மூடாமல், கில் சுவிட்சைத் தட்டி நிறுத்துங்கள். காற்றும் கேஸும் கலக்கும் மிக்சருக்குப் போகும் ஹோஸின் முனையைக் கழற்றி, அதில் சோப்பு நீரைப் பூசி, பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் அந்த வண்டியை அன்றைக்குத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

இப்படிக்கு,
வலது புருவம் இன்னும் சரியாக முளைக்காத ஒருவன்