எரிகிற விளக்கை ஏன் ஏறிப் பார்க்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அடுக்குமாடிகளிலும் புகைபோக்கிகளிலும் செல்போன் கோபுரங்களிலும் உள்ள விமான எச்சரிக்கை விளக்குகளின் வருடாந்தரப் பராமரிப்பை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அண்மைக் காலமாக, குறிப்பாகக் குடியிருப்போர் சங்கங்களிலிருந்து, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. விளக்குதான் எரிகிறதே, அதை ஏன் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும், அணைந்த பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறீர்கள். ஏறுவதற்கான செலவு உங்களுடையது என்பதால் இது நியாயமான கேள்வி. அதற்கு உரிய விடையை இந்த மடலில் விரிவாகவே எழுதுகிறோம்.

இந்த விளக்கு விமானிக்காக வைக்கப்பட்டது. கீழே நிற்பவருக்கு அதன் உண்மையான வெளிச்சம் தெரியவே தெரியாது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-ஆம் இணைப்பையும் அதை ஒட்டிய நம் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிகளையும் பின்பற்றி, 45 மீட்டருக்குக் குறைந்த உயரங்களுக்குப் பொதுவாக 10 அல்லது 32 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) அளவில், மின்னாமல் எரியும் நிலைச் சிவப்பு விளக்கும், அதற்கு மேல் 150 மீட்டர் வரை நிமிடத்துக்கு 20 முதல் 60 தடவை மின்னும் 2,000 கேண்டெலா சிவப்பு விளக்கும் வைக்கிறோம். இந்த நடுத்தரச் செறிவு விளக்கின் ஒளிக்கற்றைக்கு, மேலும் கீழுமாகச் சேர்த்துக் குறைந்தது 3 பாகை அகலம் இருந்தால் போதும் என்கிறது விதி. அதாவது வில்லை தன் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகக் கிடைமட்டத்தில், அடிவானத்தை நோக்கித் தட்டையாகப் பரப்புகிறது. வாசலில் நின்று காவலாளி அண்ணாந்து பார்க்கும்போது அவர் கண்ணுக்குப் படுவது பக்கவாட்டில் சிதறிய மிச்ச வெளிச்சம்தான். தாங்குசட்டம் துருப்பிடித்தோ, தண்ணீர்த் தொட்டியைப் பழுதுபார்க்க வந்தவர் கால் வைத்தோ, விளக்கு சில பாகை சாய்ந்துவிட்டால், அந்தக் கற்றை ஒரு பக்கம் வானத்துக்கும் மறு பக்கம் எதிர்வீட்டுக் கூரைக்கும் போய்விடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அப்போதும் விளக்கு எரிவதாகவே தோன்றும். எங்கள் ஆள்கள் ஒவ்வொரு முறையும் கையோடு ரசமட்டம் எடுத்துச் செல்வது இதற்காகத்தான்.

பழைய இழை பல்புகள் அணையும்போது ஒரேயடியாக அணைந்தன. பழுது உடனே தெரிந்தது. எல்இடி அப்படி அணைவதில்லை. அது ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே போகிறது, அதன் மேல் மூடியிருக்கும் பாலிகார்பனேட் குமிழோ வெயிலில் பழுப்பேறி இன்னும் கொஞ்சம் ஒளியை விழுங்குகிறது. கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் உப்புப் படிவும், எல்லா இடங்களிலும் புழுதியும் காக்கை எச்சமும் இதோடு சேர்கின்றன. தினமும் பார்க்கிற கண் இந்த மங்கலுக்குப் பழகிவிடுவதால், ஒளி பாதியாகக் குறைந்தாலும் யாரும் புகார் சொல்வதில்லை. கருவிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. 32 கேண்டெலா நிலை விளக்குக்கு நேர் மட்டத்தில், 2 மீட்டர் தள்ளி, இருட்டிய பின் லக்ஸ் மீட்டரை, அதாவது மேலே விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவியை, பிடித்தால் 8 லக்ஸ் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் முதலில் குமிழைத் துடைத்துப் பார்க்கிறோம். பிறகும் ஏறாவிட்டால் விளக்கை மாற்றச் சொல்கிறோம். மின்னும் விளக்குகளின் செறிவை இந்த மீட்டரால் சரியாக அளக்க முடியாது, அவற்றுக்கு வேறு கருவி இருக்கிறது. எரிகிற விளக்கை மாற்றச் சொல்கிறார்களே என்று சிலர் வருத்தப்பட்டது எங்களுக்குத் தெரியும். இனி அளந்த எண்ணை அறிக்கையிலேயே எழுதித் தருவோம்.

ஆலைப் புகைபோக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உச்சி விளக்கை வாயின் விளிம்பிலேயே வைத்தால் கரி மூடிவிடும் என்பதால்தான் அதை 1.5 முதல் 3 மீட்டர் வரை கீழே இறக்கி வைக்கிறோம். அப்படியும் காற்று புகையைக் கீழே அமுக்கும் நாள்களில் கரி படியத்தான் செய்கிறது. ஆகவே உங்கள் விளக்குகளை மற்றவர்களுடையதைவிட அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

சுற்றியுள்ள வெளிச்சத்தை உணர்ந்து விளக்கைப் போடவும் அணைக்கவும் இருக்கும் போட்டோசெல், நேர் வெயில் படாமல் வடக்கு நோக்கி இருக்க வேண்டும். அதன் மேல் எச்சம் விழுந்தால் விளக்கு பகலிலும் எரியும், அதனால் ஆபத்தில்லை. ஆனால் பக்கத்தில் புதிதாக ஒரு விளம்பரப் பலகையோ மொட்டை மாடியில் ஃபோகஸ் லைட்டோ வந்து அதன் மேல் வெளிச்சம் பட்டால், இருட்டிய பிறகும் எச்சரிக்கை விளக்கு எரியாமலே இருந்துவிடும். மாடியில் புது விளக்கு எது பொருத்தினாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. விமான நிலைய ஆணையம் உங்கள் கட்டடத்துக்குக் கொடுத்த தடையில்லாச் சான்றை எடுத்துப் பாருங்கள். இரவு விளக்கு மாற்று மின்வழங்கலுடன் இருக்க வேண்டும் என்பது அதிலேயே நிபந்தனையாக இருக்கும். ஆனாலும் பல இடங்களில் இந்த விளக்கு மாடிப்படி விளக்குகளோடு ஒரே எம்சிபியில் (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சில்) கோக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். சில இடங்களில் சிக்கனத்துக்காக அணைத்தே வைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கியதையும், நகரின் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்த அதே நாள்களில் ஹெலிகாப்டர்கள் வீட்டு மாடிகளுக்கு மேலே தாழப் பறந்து மக்களை மீட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் முழுக்க இருட்டாக இருக்கும்போதுதான் இந்த விளக்குக்கு வேலை அதிகம். ஒரு சிறிய சிவப்பு எல்இடி விளக்கு இழுப்பது சில வாட் மட்டுமே. அதற்கென ஒரு தனிச் சுற்றும் சிறு பேட்டரியும் வைப்பது எந்தச் சங்கத்துக்கும் பெரிய செலவாகாது. மீட்பு விமானிகள் இரவுப் பார்வைக் கருவி அணிந்திருந்தால் சில வகைச் சிவப்பு எல்இடிகள் அவர்களுக்குத் தெரியாது என்பதால், புதிதாக வாங்குகிறவர்கள் அகச்சிவப்பு ஒளியும் சேர்ந்த விளக்கை வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மழையிலும் பலத்த காற்றிலும் இடியிலும் நாங்கள் யாரையும் மேலே அனுப்புவதில்லை. இதை எந்த அவசரத்துக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டோம். செல்போன் கோபுரங்களில் ஆன்டெனாவின் மின்சக்தியைக் குறைக்க அதை இயக்கும் நிறுவனத்திடம் அனுமதி வாங்கிய பிறகே ஏற முடியும் என்பதால், அங்கே இன்னும் தாமதமாகும். ஆகவே நவம்பரில் ஒரு விளக்கு அணைந்தால், அதைச் சரிசெய்ய நாள் கணக்கில் காத்திருக்க நேரலாம். கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருப்பதும், மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் சர்ஜ் அரெஸ்டர் செத்துப்போயிருப்பதும், இடிதாங்கியின் எர்த் கம்பி கழன்றிருப்பதும் முதல் மழை வரும்வரை வெளியே தெரியாது. இந்த ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்குமான முழு ஆய்வை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிக்கத் திட்டமிட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் ஆய்வுகளுக்கு நடுவில் உள்ள நாள்களில் உங்கள் கண்தான் காவல். அமெரிக்காவில் கோபுர உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது விளக்கைப் பார்க்க வேண்டும், அல்லது தானியங்கி எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும். உச்சி விளக்கோ மின்னும் விளக்கோ பழுதாகி 30 நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் உடனே அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கிருந்து விமானிகளுக்கு அறிவிப்பு போகிறது. நாமும் அதே ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். காவலாளி தினமும் இருட்டியதும், கட்டடத்தின் அடியில் நிற்காமல் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்து, பதிவேட்டில் நேரத்தோடு கையெழுத்திடட்டும். விளக்கு அணைந்திருந்தால் எங்களை அழையுங்கள். அன்றே சரிசெய்ய முடியாது என்று நாங்கள் சொன்னால், விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நாங்களே எழுதித் தருகிறோம். காவலாளியையோ பிளம்பரையோ மேலே ஏற்ற வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த மடலுடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். தினமும் பார்ப்பவரின் பெயர், விளக்குக்கான எம்சிபி இருக்கும் இடம், மாற்று மின்வழங்கல் இருக்கிறதா என்ற விவரம் ஆகியவற்றை நிரப்பி, ஆகஸ்ட் 15-க்குள் அனுப்பிவைத்தால், செப்டம்பர் ஆய்வுக்கான நாளை உங்களுடன் பேசி முடிவு செய்வோம்.

இங்ஙனம்,
பராமரிப்புப் பிரிவு