வலது கையைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பிளஸ் டூ வகுப்பில் படம் வரைந்துகொண்டிருந்தபோது என் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. எடுத்தேன், மறுபடி நழுவியது. மூன்றாம் முறை விரல்கள் மடங்கவே இல்லை. "டீச்சர், உங்கள் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது" என்று சொன்ன முதல் பெஞ்சு மாணவி, என் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து வகுப்புக்கு ஓடினாள். மகளே, என் முதல் நன்றி உனக்கு.

ஓடி வந்த கணக்கு ஆசிரியர் அண்ணன் 108-ஐ அழைத்ததோடு நிற்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து "10.20" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆம்புலன்ஸ் தம்பியிடம் கொடுத்தார். மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வியே, கடைசியாக நான் நன்றாக இருந்தது எப்போது என்பதுதான். எனக்கு வந்தது பக்கவாதம். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தச் சீட்டு எனக்காகப் பேசியது. புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் காதில் வாங்காத அனைவருக்கும் நன்றி.

ஊசி என்னைக் காப்பாற்றியது. ஆனாலும் இடப்பக்க மூளையில், கையை அசைக்கும் புறணியில், அதாவது மேலடுக்கில், ஒரு பகுதி அழிந்துவிட்டது. வலது கை யாருடையதோ போல மெத்தையில் கிடந்தது. நரம்புச் செல் ஒருமுறை அழிந்தால் திரும்பாது என்று இருபது வருடங்களாகப் பாடம் நடத்தியவள் நான். அந்த வரியே எனக்குத் தீர்ப்பாகிவிட்டது என்று மூன்று இரவுகள் அழுதேன்.

நான்காம் நாள் ஓர் இளம் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் விளக்கினார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை 20 சதவீத ஆற்றலைச் செலவழிக்கிறது என்பது நான் அறிந்ததுதான். வரவு குறையும்போது செல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் தேவை. அது 20-க்குக் கீழே போனால் செல் பேச்சை நிறுத்திவிடும். 10-ஐ நெருங்கினால்தான் சோடியத்தை வெளியேற்றும் பம்பும் நின்று, உயிர் போகும். இடைப்பட்ட செல்கள் மௌனமாக, உயிரோடு இருக்கும். 1981-இல் அதற்கு இட்ட பெயர் புறநிழல், நம் கிரகணப் பாடத்தில் வரும் அதே சொல். உரிய நேரத்தில் ரத்தம் திரும்பினால் அவை பிழைத்துக்கொள்ளும். ஊசிக்கு அத்தனை அவசரம் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

"சேதமடையாத இடங்களும் இப்போது அடங்கித்தான் இருக்கும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து வீட்டு அடுப்பும் எரியாது இல்லையா, அப்படி" என்றார் அவர். நரம்பியல் மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் மொனாக்கோவ் 1914-லேயே இதை எழுதியிருக்கிறார். இடப்பக்கப் பெருமூளையில் அடிபட்டால், எங்கோ இருக்கும் வலப்பக்கச் சிறுமூளையில்கூடச் சர்க்கரைச் செலவு குறைகிறதாம். இந்தச் செலவைக் கண்ணால் காண வழி செய்த விஞ்ஞானி லூயி சோகலாஃப்புக்கும் நன்றி சொல்ல வேண்டும். செல் உள்ளே இழுத்துக்கொண்டு, ஆனால் முழுவதும் எரிக்க முடியாமல் தேக்கிவைக்கும் ஒரு போலிச் சர்க்கரையைக் கொண்டு, எந்த இடம் உழைக்கிறது, எந்த இடம் சும்மா இருக்கிறது என்பதை அளக்கும் முறையை அவரும் சகாக்களும் 1977-இல் வெளியிட்டார்கள். இன்றைய பெட் ஸ்கேனின் அடிப்படையும் அதுதான்.

என் கை சாகவில்லை, அதன் வீட்டில் துக்கம் நடக்கிறது. அந்த நினைப்போடுதான் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன்.

துக்கம் தானாகத் தீரட்டும் என்று காத்திருக்க விடாதவர் பிசியோதெரபிஸ்ட் அக்கா. நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோ 1996-இல் வெளியிட்ட குரங்கு ஆய்வை அவர்தான் சொன்னார். கைக்குரிய புறணியில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளைப் பயிற்சியின்றி விட்டால், பிழைத்த கைப்பகுதியும் சுருங்கியது. சின்னக் குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கியவற்றிலோ அந்தப் பகுதி காக்கப்பட்டது, சிலவற்றில் முழங்கை, தோள் பகுதிகளுக்குள்ளும் பரவியது. அந்தக் குரங்குகளுக்கும் நான் கடன்பட்டவள்.

மூன்று மாதம் கழித்து விரல்கள் கொஞ்சம் விரிந்ததும், என் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டார். உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் டாப் வகுத்த முறை இது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் வலது கைதான். சாதம் தட்டிலும் மடியிலும் சிதறியது. என் மாமியார் எதிரே உட்கார்ந்து, ஊட்டிவிடத் துடித்த கைகளைத் தன் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். ஒரு தோசைக்கு நாற்பது நிமிடம். அத்தை, நீங்கள் அன்று ஊட்டிவிடாததற்கு எப்படி நன்றி சொல்வேன்? சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் கழற்றி என்னிடம் நீட்டிய என் கணவருக்கும் நன்றி.

விடுப்பு விண்ணப்பங்களைத் தாமே எழுதிக் கொண்டுவந்த தலைமையாசிரியைக்கும், செய்முறைத் தேர்வைப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும் வணக்கம். சுண்டுவிரல் இன்னும் ஒத்துழைக்கவில்லை. எழுத்து கோணுகிறது. இந்த மடலின் முதல் பத்தியை மட்டும் கையால் எழுதினேன், மீதியை மகன் தட்டச்சு செய்தான்.

கடைசியாக, வார்டில் பக்கத்துக் கட்டிலில் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவருக்கு. ஏழு நாள் எனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளத் தவறிவிட்டேன். உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மூடியில் "ரா" என்று பொறித்திருக்கிறது. பள்ளியில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

நன்றியுடன்,
உங்கள் உயிரியல் ஆசிரியை