தகவல் மேலாண்மைப் பாடத்துக்கு லேப் வேண்டும்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் எம்.எஸ்சி. உயிர்த்தகவலியல் இறுதியாண்டு மாணவி. தகவல் அமைப்பு மேலாண்மைப் பாடத்துக்கு லேப் நேரம் வேண்டும் என்று எங்கள் வகுப்பும் கணினி அறிவியல் வகுப்பும் சேர்ந்து இரண்டு முறை எழுதிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். பதில் வரவில்லை. போன மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட்டுக்காகப் பழைய மரபணுப் பட்டியல் ஒன்றை எக்செல்லில் திறந்து சேமித்தேன். மூன்று வாரம் கழித்து என் கைட் ஒரு வரியில் விரலை வைத்து, "மரபணு இருக்கிற இடத்துல தேதி எப்படிம்மா வந்துச்சு?" என்றார். செப்ட்2 என்ற மரபணுப் பெயரைத் தேதி என்று எடுத்துக்கொண்டு எக்செல் தானாகவே செப்டம்பர் 2 ஆக்கியிருந்தது. மார்ச்1, மார்க்1 என்ற இரண்டு வெவ்வேறு மரபணுக்களும் மார்ச் முதல் தேதி ஆகியிருந்தன. எது எதுவென்று பிரிக்க வழியில்லை. மொத்த வேலையையும் முதலிலிருந்து செய்தேன். "டேட்டா மேனேஜ்மென்ட் படிச்சிருக்கீங்கதானே?" என்று கேட்டார். தலை குனிந்து நின்றேன்.

படித்தேன், ஐயா. தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல் மொழிக் கட்டளையைக் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்டு, அதன் விடையை ரெக்கார்டு நோட்டில் பென்சிலாலும் ஸ்கேலாலும் கட்டம் போட்டு வரைந்தேன். ஒரு கோடு கோணலானதற்காக ஒரு பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைத்தார்கள். அந்தக் கட்டளை கணினியில் ஓடுமா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. செமஸ்டர் தேர்வில் சம்பளப் பட்டியல் அமைப்பை விளக்கி எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எல்லாம் மண்டையில் இருந்தது, கைக்கு வரவில்லை.

இந்தத் தேதிச் சிக்கல் ஊரறிந்தது. எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே செப்ட்1-ஐ செப்டின்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று. எக்செல்லின் வேறொரு சிக்கலால் அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுகள் தினக் கணக்கில் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் தள்ளிப்போனது. இதையெல்லாம் கவனிக்கப் பழக்குவதற்குத்தானே இந்தப் பாடம்?

லேப் கட்டணம் செமஸ்டர் தவறாமல் கட்டுகிறோம், ரசீது வைத்திருக்கிறோம். லேப் அறை பூட்டியே கிடக்கிறது. பாடம் எடுத்த கௌரவ விரிவுரையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் சம்பளம் வராத நிலையிலும் ஒரு வகுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை. அவரையும் இப்படியா நடத்துவது?

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் லேப் வேண்டும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் இலவசம். பொது மரபணுத் தரவுக் களஞ்சியமான ஜென்பேங்க்கின் தரவும் இலவசம். ஒரு மரபணு அட்டவணையைப் பிழையில்லாமல் ஏற்றவும், சரிபார்க்கவும், பேக்கப் எடுத்து மீட்கவும், யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி வகுக்கவும் எங்கள் கையாலேயே செய்து பழக வேண்டும். அந்த அறையைத் திறந்துவிட்டால் போதும்.

நான் மே மாதம் படிப்பை முடித்துப் போய்விடுவேன். ஜூனியர்கள் இந்த வாரம்தான் புது ரெக்கார்டு நோட்டு வாங்கி அட்டை போட்டிருக்கிறார்கள். அடுத்த செமஸ்டர் கால அட்டவணை அச்சாகும் முன் அந்த இரண்டு மணி நேரத்தைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உயிர்த்தகவலியல் இறுதியாண்டு மாணவி